நேர்முனை மண்

வலது வளைவில் பாடுகிறது.
இடது வளைவில் செத்துப்போகிறது.
குவீன்ஸ்டவுனுக்கு இறங்கும் மலைச்சாலையில்
வளைவுகள் தொண்ணூற்றொன்பது.
அதில் பாதி எனக்கு எதிரி.

"பேட்டரிதான்" என்றான் பென்கெலி.
பேட்டரி புதிது.
"அப்படியானால் காயில்."
காயிலை மாற்றினேன். எண்பது டாலர்.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன்,
ஒருநாளும் ஒரு திருகாணியைத் திருகாதவன்,
கையில் பியரோடு என் கொட்டகை வாசலில் நின்று
"விற்றுத் தொலை, வில்மா" என்றான்.
தகரக் கூரைமேல் மழை
அவனுக்கு ஒத்து ஊதியது.

அறுபத்தேழாம் வருடத்து பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள்,
என்னைவிட இரண்டு வயது மூத்தது.
இதன் மின்சாரமே தலைகீழ்.
மற்ற வண்டிகள் எதிர்முனையைக் கட்டும் சட்டத்தில்
இது நேர்முனையைக் கட்டியிருக்கிறது.
சிவப்பு வயர்தான் எர்த்.
மாற்றிக் கொடுத்தால் டையோடு வெந்து
கொட்டகை முழுக்க
அழுகிய மீன்போல ஒரு நாற்றம்.
எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

இரவுப் பணி இல்லாத வியாழக்கிழமை.
பழைய இண்டிகேட்டர் பல்பு ஒன்று,
இரண்டு முழ வயர், முனைகளில் முதலை கிளிப்:
என் சோதனை விளக்கு இவ்வளவுதான்.
ஒரு முதலையை பேட்டரியின் எதிர்முனையில் கடிக்கவிட்டு
மற்றதால் ஒவ்வோர் இடமாகத் தொட்டேன்.
சீட்டுக்கடியில் சட்டத்தின் போல்ட்: எரிந்தது.
எஞ்சினின் துடுப்பு: எரிந்தது.
தொட்ட இடமெல்லாம் எரிகிறது.
ஓடாத வண்டியில்
ஒரு குற்றமும் இல்லை என்பதைவிட
எரிச்சலான செய்தி வேறில்லை.

முதலையை எஞ்சினிலேயே விட்டுவிட்டு
கை துடைக்கத் துணி தேடி எழுந்தவள்
இடுப்பால் ஹேண்டில்பாரை இடித்தேன்.
அது இடப்பக்கம் சாய்ந்தது.
பல்பு அணைந்தது.
நேராக்கினேன். எரிந்தது.
இடது.
அணைந்தது.
அந்தக் குளிரிலும் எனக்கு வியர்த்தது.

எஞ்சினிலிருந்து ஹேண்டில்பாருக்கு
ஒரு வயரும் போகவில்லை.
போவது கிளட்ச் கேபிள்.

அப்போது புரிந்தது.
போன மின்சாரம் வீடு திரும்பவும் வேண்டுமே;
ராஜபாட்டை அடைபட்டிருக்க, அது
கொல்லைப்புறமாக
கிளட்ச் கேபிளின் உறையைப் பிடித்துத் தொங்கி,
லீவரில் ஏறி, ஃபோர்க்கில் இறங்கி,
பேரிங்கின் கிரீஸுக்குள் நீந்தி
சட்டத்துக்கு வந்துகொண்டிருந்திருக்கிறது
இத்தனை மாதமாக.
இடப்பக்கம் திருப்பினால் உறை அரை நூல் விலகும்.
அவ்வளவுதான்.

ராஜபாட்டையை அடைத்தது யார்?
நான்.
போன குளிர்காலம் முழுக்க உப்புத்தாளால் தேய்த்து
மூன்று பூச்சு, கரும்பச்சை,
பென்கெலியே வாய்திறந்து பாராட்டிய பெயிண்ட்.
எஞ்சினைத் தாங்கும் காதுகளில்கூட
மயிரிழை விடாமல் பூசியிருக்கிறேன்.
இரும்பும் இரும்பும் தொடாமல்
நடுவில் என் அழகு.

கத்தியை எடுத்தேன்.
முதல் கீறலுக்கு மட்டும் கை தயங்கியது.
ஐந்து சென்ட் காசு அகலத்துக்கு
பளிச்சென்று இரும்பு.
அது போதாது, செம்புப் பின்னல் பட்டையும் வேண்டும்.
மலையைக் குடைந்து குடைந்து
கப்பல் கப்பலாகச் செம்பு அனுப்பிய ஊர் இது.
எனக்கு ஒரு சாண் பட்டை
ஹோபார்ட்டிலிருந்து தபாலில் வருகிறது.
பதினான்கு டாலர். தபால் செலவு தனி.

திங்கட்கிழமை காலை, மழை விட்ட ஒரு மணிநேரம்.
முதல் இடது. மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.
பாடியது.
அடுத்த இடது. பாடியது.
இருபதுக்கு மேல் எண்ணவில்லை.
மொட்டை மலைகள் ஈரத்தில்
இளஞ்சிவப்பாக இருந்ததை
அன்றுதான் தலைநிமிர்ந்து பார்த்தேன்.

வலது வளைவு ஒன்றில்
எதிரே பென்கெலியின் பேருந்து ஏறி வந்தது.
நான் தொடாமலே
ஹாரன் நீளமாக அடித்தது.
வணக்கம் சொல்கிறேன் என்று நினைத்து
அவன் கையை அசைத்தான்.
நானும் அசைத்துவைத்தேன்.